கொழுக்கட்டைக்கு வச்ச பத்தியம்

ஒரு ஊர்ல ஒரு பத்தியச் சமையக்காரரு இருந்தாரு. அவரு பேரு அடைக்கலம். நீ ம் கொட்டிக்கிட்டே வரணும். ம் நின்னா கதையும் நின்னுடும், அப்புறம் பெரியம்மாவைக் குத்தம் சொல்லக் கூடாது.

ம்.

பத்தியம்னா என்னன்னு தெரியுமா? உடம்பு முடியாதவங்களுக்குக் காரம் இல்லாம, எண்ணெய் இல்லாம, வயித்துக்கு இதமாப் பாத்துப் பாத்துப் போடுற சோறு. அந்தத் தெருவுல யாராவது ஆப்பரேஷன் முடிஞ்சு ஆட்டோவுல வந்து இறங்குனா போதும், அடைக்கலம் வீட்டு அடுப்புல கஞ்சி கொதிக்க ஆரம்பிச்சிடும், தளபுள தளபுளன்னு. மொத நாளு கஞ்சி. ரெண்டாம் நாளு ரசஞ்சோறு. மூணாம் நாளு பருப்புச்சோறு. அதுவரைக்கும் பச்சையா ஒரு இலை நாக்குல படக் கூடாதும்பாரு. டாக்டரு பேச்சைத் தட்டுறவங்ககூட அடைக்கலம் பேச்சைத் தட்ட மாட்டாங்க. அதுல அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவரு வீட்டுல ரெண்டு மொசலு இருந்துச்சு. ஆண் மொசலு பேரு கொழுக்கட்டை, பொண்ணு பேரு சீடை. சமையக்காரரு வேற என்ன பேரு வைப்பாரு? கொழுக்கட்டை வெள்ளை வெளேர்னு உருண்டையா இருக்கும். அடைக்கலம் வேலை முடிஞ்சு உக்காந்தா குதிச்சு வந்து அவரு கால் கட்டைவிரலை நக்கும். அந்த மனுஷனுக்கு அதுல உசுரு.

ம்.

அப்புறம் என்னாச்சு, குட்டி போட ஆரம்பிச்சுதுங்க. மொத தடவை அஞ்சு. அடுத்த தடவை ஆறு. அதுக்கடுத்து ஏழு. வீடு பூரா திடுதிடுன்னு ஓட்டம், பாயைக் கடிக்கிறது, செருப்பைக் கடிக்கிறது. தெருவுல ஆளுக்கு ஒண்ணு குடுத்துப் பாத்தாரு. கடைசியில அடைக்கலம் கூடையோட வர்றதைப் பாத்தாலே ஜனங்க கதவைச் சாத்திக்கிட்டாங்க.

அப்போ அவரு பொண்டாட்டி பூரணம் சொன்னாங்க, மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு வழி பண்ணுங்கன்னு. மாட்டாஸ்பத்திரின்னா மாடு மட்டும் இல்ல கண்ணு, ஆடு, கோழி, நாய், மொசலு எல்லாம் வரும். அங்க ஜெயசெல்வின்னு ஒரு டாக்டரம்மா. ஆண் மொசலுக்குச் சின்னதா ஒரு ஆப்பரேஷன் பண்ணிட்டா இனிமே குட்டி பொறக்காதுன்னாங்க. சரின்னு காலையில கொண்டுபோனாரு. நல்லபடியா முடிஞ்சுது. ரெண்டே ரெண்டு தையல்.

கொழுக்கட்டையைக் கையில குடுக்கும்போது டாக்டரம்மா பொறுமையாச் சொன்னாங்க. மயக்கம் தெளிஞ்சதும் புல்லைப் போடுங்க, திங்குதான்னு பாருங்க, புழுக்கை போடுதான்னு பாருங்க, சீடையை ஒண்ணு ஒண்ணரை மாசத்துக்குத் தனியா வையுங்கன்னு. அடைக்கலம் காதுல மயக்கம் தெளிஞ்சதும்ங்கிற வரைக்கும்தான் விழுந்துச்சு. அதுக்கப்புறம் என்ன குடுக்கணும்னு அவருக்குத் தெரியாதா? தெருவுக்கே பத்தியம் போட்ட மனுஷன் இல்ல?

ம்?

ஆமா, அங்கதான் வந்துச்சு வினை.

வீட்டுக்கு வந்தாரு. நோயாளிக்குத் தொந்தரவு கூடாதுன்னு சீடையை உள்ள வேற கூண்டுக்கு மாத்துனாரு. பழைய வேட்டியை நாலா மடிச்சு மெத்தை போட்டாரு. கூண்டுல கெடந்த புல்லையெல்லாம் ஒண்ணு விடாமப் பொறுக்கி வெளிய எறிஞ்சாரு. அப்புறம் அடுப்பைப் பத்த வச்சாரு. தளபுள தளபுள. புழுங்கலரிசிக் கஞ்சி, உப்புகூடப் போடாம வடிச்சு, ஆத்தி, கைக்கொழந்தைக்குப் பால் புகட்டுற பாலாடையில எடுத்து வாய்கிட்ட கொண்டுபோனாரு. கொழுக்கட்டை மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. வலி போலருக்குன்னு நெனச்சாரு. சாயங்காலம் ரசத்தைத் தெளிவா இறுத்துக் கொண்டுபோனாரு. வாயைத் தொறக்கவே இல்ல. மறுநாள் விடிஞ்சதும் மாதுளம்பழத்தைப் புழிஞ்சு சாறு கொண்டுபோனாரு. அது தாடை வழியா ஒழுகி, சொட்டுச் சொட்டுன்னு வேட்டியில விழுந்துச்சு.

அப்போ பூரணம் விளக்குமாத்தோட கூண்டைப் பெருக்க வந்தாங்க. தினமும் பெருக்குனா சலசலன்னு முறம் நெறையப் புழுக்கை வரும். அன்னைக்கு ஒண்ணுகூட இல்ல. குனிஞ்சு பாத்தாங்க. கொழுக்கட்டை முதுகைக் கூனிக்கிட்டு, கண்ணைப் பாதி மூடிக்கிட்டு, பல்லைக் கடிக்குது, நறநற நறநறன்னு. வயித்தைத் தொட்டா டம்முனு இருக்கு.

"டாக்டரம்மா என்ன குடுக்கச் சொன்னாங்க?"ன்னு பூரணம் கேட்டாங்க.

அடைக்கலம் யோசிச்சுப் பாத்தாரு. ஒண்ணும் ஞாபகம் வரல. காதுல விழுந்திருந்தாத்தானே வரும்.

தூங்கிட்டியா?

ம்ம்.

சரி, கேளு. மொபெட்டை எடுத்தாரு, பின்னாடி பூரணம் கூடையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தாங்க. டுர்ர்ருனு மாட்டாஸ்பத்திரிக்கு. டாக்டரம்மா வயித்தை அமுக்கிப் பாத்தாங்க, குழாயை வச்சுக் கேட்டாங்க. நல்ல மொசலு வயித்துக்குள்ள எப்பவும் கடகடன்னு சத்தம் கேக்கும். கொழுக்கட்டை வயித்துல ஒரு சத்தமும் இல்ல. என்ன குடுத்தீங்கன்னு கேட்டாங்க. கஞ்சின்னு அடைக்கலம் நல்லா சத்தமாச் சொன்னாரு. ரசம்னு சொல்லும்போது சத்தம் பாதியாச்சு. மாதுளம்பழச் சாறுங்கிறது அவருக்கே கேக்கல.

"அய்யா, நம்ம வயிறு ஓய்வு கேக்கும். மொசலு வயிறு ஓயவே கூடாது. அதுக்குப் பத்தியமே புல்லுதான்"னாங்க டாக்டரம்மா.

உள்ள அடைப்பு ஒண்ணும் இல்ல, தையலும் நல்லாத்தான் இருக்கு, ஆனா இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வயிறு அசைஞ்சு புழுக்கை விழணும், இல்லைன்னா பொழைக்கிறது கஷ்டம்னு மறைக்காமச் சொல்லிட்டாங்க. வலிக்கு ஒரு ஊசி போட்டாங்க. தோலுக்கடியில தண்ணி ஏத்துனாங்க. புல்லை அரைச்சு ஊசி இல்லாத சிரிஞ்சுல கொஞ்சங் கொஞ்சமா ஊட்டுங்க, வயித்தை மெதுவாத் தடவிவிடுங்க, சீடை கண்ணுல படட்டும், ஆனா சேர விடாதீங்கன்னாங்க. இந்தத் தடவை அடைக்கலம் ஒவ்வொண்ணையும் திருப்பிச் சொல்லிக் காட்டிட்டுத்தான் கெளம்புனாரு.

பாவம் அந்த மனுஷன். ஊருக்கெல்லாம் உடம்பு தேத்துன கையி, நம்ம புள்ளையைப் பட்டினி போட்டுடுச்சேன்னு உள்ளுக்குள்ள குமுறிக்கிட்டு வந்தாரு.

ம்.

வீட்டுக்கு வந்து அடுப்புப் பக்கமே போகல. வரப்புல போய் அறுகம்புல்லை அறுத்தாந்து, கழுவி, மிக்சியில போட்டு டர்ர்ர்ருனு அரைச்சாரு. மொத சிரிஞ்சு. கொழுக்கட்டை தூன்னு துப்பிடுச்சு, அவரு சட்டை பூரா பச்சை. வயித்தைத் தடவுனாரு. அரை மணி நேரம் கழிச்சு ரெண்டாவது சிரிஞ்சு. தொண்டையில க்ளுக்குனு ஒரே ஒரு சத்தம். ஒரு வாய் எறங்கிடுச்சு. அவருக்குச் சந்தோஷம் தாங்கல. தடவுனாரு, தடவுனாரு. மூணாவது சிரிஞ்சு கொண்டுபோனாரு. ம்ஹூம். மறுபடியும் மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு.

அப்போ மணி மூணு ஆயிடுச்சு. சாயங்காலம்னா இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு? அந்த மனுஷன் தரையிலேயே உக்காந்துட்டாரு. கூண்டுகிட்ட வாயை வச்சுச் சொன்னாரு, "தப்பு என்னுதுடா. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மனுஷ வயிறு. உன் வயித்தை நான் கேக்கவே இல்லையே."

பூரணம் உள்ள போய் சீடை கூண்டைத் தூக்கியாந்து, கொழுக்கட்டை கூண்டோட ஒட்டி வச்சாங்க. நடுவுல கம்பி வலை. சீடைக்கு ஒரு கை புல்லைப் போட்டாங்க. அது இருக்கே, ஊரு ரெண்டுபட்டாலும் தீனியை விடாது. கரகர கரகரன்னு மேஞ்சுது. ஒரு நீளமான புல்லு வலைக்கு இந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. சீடை அந்தப் பக்கத்துல இருந்து திங்கத் திங்க, இந்தப் பக்கத்து நுனி ஆடுது, இப்படியும் அப்படியும், கொழுக்கட்டை மூக்குக்கு முன்னாடி.

கொழுக்கட்டை மூக்கு அசைஞ்சுது. ஒரு தடவை. ரெண்டு தடவை. மூணாவது தடவை கழுத்தை நீட்டி, லபக்குனு நுனியைப் புடிச்சுது. கர். அப்புறம் சும்மா இருந்துச்சு. அப்புறம் கர், கர். அடைக்கலம் மூச்சு விடாம உக்காந்திருந்தாரு. பூரணம் இன்னொரு புல்லை வலையில செருகுனாங்க. அதுவும் போச்சு. இன்னொண்ணு.

ம்...

வெயிலு எறங்குற நேரம். கொழுக்கட்டை மெதுவா எந்திரிச்சு ரெண்டு எட்டு வச்சுது. அப்போ டொக்குனு ஒரு சத்தம். மிளகு கணக்கா, சின்னதா, காஞ்சுபோய் ஒரு புழுக்கை. கொஞ்ச நேரத்துல டொக், இன்னொண்ணு. அப்புறம் டொக்கு டொக்குனு மூணு நாலு சேந்து விழுந்துச்சு.

பத்து நாள்ல தையல் ஆறிடுச்சு, ரெண்டு மாசத்துல ரெண்டும் ஒரே கூண்டுல ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டுப் படுத்துச்சு, அதெல்லாம் அப்புறம். அன்னைக்குச் சாயங்காலம் அடைக்கலம் என்ன பண்ணாரு தெரியுமா? ஒரு நாளைக்கு நூறு தடவை கை கழுவுற மனுஷன், கூண்டுக்குள்ள கையை விட்டு அந்தப் புழுக்கையைப் பொறுக்கி உள்ளங்கையில வச்சுக்கிட்டாரு. கண்ணுல தண்ணி கொட்டுது, தொடைக்கக்கூட இல்ல.

"அதைப் போட்டுட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்"னாங்க பூரணம்.

"இரு பூரணம். கொஞ்ச நேரம் வச்சுக்கிறேன்"னாரு அடைக்கலம்.

ம் எங்க? காணோமே. சரி சரி. கொழுக்கட்டை வயிறும் நெறஞ்சுது, பெரியம்மா கதையும் தீந்துது, நீ கண்ணை மூடித் தூங்கு.