நான்காவது ஜோடி ஸ்பீக்கர்

"மூணு ஜோடி ஸ்பீக்கர் வாங்கிட்டேன். மூணும் போலி" என்றார் தணிகாசலம்.

கடைக்கார ஹமீதா தலை நிமிரவில்லை. கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் பார்த்துக் கொடுப்பதில் திருச்சியில் அவள் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்பார்கள். தன்னைவிட இருபது வயது இளையவளாக இருக்கிறாளே என்று அவருக்கு அதிலும் ஒரு சந்தேகம்.

போலி என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

அவர் கொட்டித் தீர்த்தார். பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்கு அவர்தான் பாடங்களைத் தம் குரலில் பதிந்து, பின்னால் வீணை இசை சேர்த்துக் கொடுக்கிறார். வீட்டில் போட்டுக் கேட்டால் கணீரென்று இருக்கிறது. பள்ளியிலோ ஒரு சொல்லும் புரியவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். பரீட்சைக்குப் பத்தே நாள். இந்த முறையும் திரும்பி வந்தால் பிள்ளைகள் எதைக் கேட்டுப் படிப்பார்கள்?

"ஸ்பீக்கர் பொய் சொல்லுது. நம்பிக் கெட்டேன்."

அவள் அலமாரியிலிருந்து புது ஜோடி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

அவர் அதைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒயரை நுனிவரை தடவினார். கம்பெனி முத்திரையை நகத்தால் சுரண்டினார்.

"நான் மாத்திடுவேன்னு தோணினா, அது மேலயே கைய வச்சுக்குங்கண்ணே."

வைத்துக்கொண்டார்.

அவர் கொண்டுவந்திருந்த பாடத்தை ஓடவிட்டாள். காவிரியைப் பற்றிய பாடம். அது ஓட ஓட அவர் உதடும் கூடவே ஓடியது.

எப்படியிருக்கிறது என்று கேட்டாள்.

"அட்சரம் பிசகலம்மா."

அடுத்து வேறொன்றைப் போட்டாள். யாரோ மூலிகைகளைப் பற்றிப் படிக்கிறார், பின்னால் புல்லாங்குழல். தணிகாசலம் குனிந்து காதை ஒட்டவைத்தார். துளசியா தூதுவளையா, அதுகூடப் பிடிபடவில்லை.

"பாத்தியா? குழலத் தவிர ஒண்ணும் கேக்கல. எனக்குத் தெரியாம என்னத்தையோ மாத்திட்டே."

சொன்ன பிறகுதான் தன் கையைப் பார்த்தார். அது ஸ்பீக்கர் மேலேயே இருந்தது.

படித்தது யார் என்று கேட்டார்.

"ஒரு வைத்தியருண்ணே. நேத்து வந்திருந்தாரு. ஒரு சொல்லு விடாம கேக்குதுன்னு, இதே மாதிரி ஒரு ஜோடி வாங்கிட்டுப் போனாரு."

தணிகாசலம் ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்தார். பிறகு கேட்டார்:

"ஏம்மா, என் காவிரிப் பாடத்துல உனக்கு என்ன கேட்டுச்சு?"

"வீணை நல்லா இருந்துச்சுண்ணே."