மேஸ்திரிக்கு மேலே ஒரு பதவி

வேங்கைமலை ராஜாவுக்கு எதிரிகளிடம் பயம் கிடையாது. ராணியிடம் உண்டு. ராணிக்கு உக்கிரசேனர் என்று ஒரு தம்பி. பெயரில் உள்ள உக்கிரம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் வெளியே வரும். "என் தம்பிக்கு ஒரு பதவி கொடுக்கும்வரை உங்களோடு பேசமாட்டேன்" என்று ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்து நாள் ஆகிவிட்டது.

அந்தச் சமயம் கோட்டை வாசலில் ஏழு நிலைக் காவல் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. மேஸ்திரியின் பெயர் சோலையன். மண் சுமந்து, சுண்ணாம்பு அரைத்து, கரணை பிடித்து, முப்பது வருஷம் கழித்து மேஸ்திரி ஆனவர். இப்போது அவர் கல் தூக்குவதில்லை. நின்று பார்ப்பார். "அதை எடு, இதை வை" என்பார். வேடிக்கை பார்க்கப் போன உக்கிரசேனருக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

'நின்று கை நீட்டுவதற்கா முப்பது வருஷம்?' என்று நினைத்தவர், ஆசைக்கு ஒரு கல்லைத் தாமே சுவரில் வைத்தார். சோலையன் அதன்மேல் மட்டப்பலகையை வைத்துக் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"மட்டமா இல்லீங்களே, சாமி" என்றார்.

அவ்வளவுதான். உக்கிரசேனர் நேரே சபைக்கு ஓடினார்.

"அத்தான்! என் வேலை மட்டமாக இல்லை என்று மேஸ்திரியே அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டான். அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்தப் பதவியை எனக்குக் கொடுங்கள்!"

ராஜா அந்தப்புரத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தார். சோலையனை வரவழைத்தார்.

"நீ அப்படிச் சொன்னது நிஜமா?"

"சொன்னேன் சாமி. ஆனா..."

"சொன்னாயா, இல்லையா?"

"சொன்னேன் சாமி."

சோலையனுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். கோபுரம் கோணலாக எழும்பிச் சரிந்தால் சாரத்தில் நிற்கும் அறுபது பேர் கதி என்ன? அதில் இரண்டு பேர் அவர் பெற்ற மகள்கள்.

ராஜாவின் ஓலைகளை எழுதுகிறவர் அமுதவாணர். அவருக்குக் கொத்தர் பேச்சும் கொஞ்சம் தெரியும். கொத்தரிடம் மட்டம் என்றால் சமம். மட்டமாக இல்லை என்றால் கல் கோணல்! அதைச் சபையில் போட்டு உடைத்தால் ராஜாவின் மைத்துனர் மானம் போகும். உடைக்காவிட்டால் கோபுரம் போகும். அவர் எழுந்து கும்பிட்டார்.

"மகாராஜா, ராணியம்மாவின் தம்பிக்குப் போயும் போயும் மேஸ்திரி வேலையா? நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டிப்போகுமே! கட்டடத்தில் மேஸ்திரிக்கும் மேலே ஒரு பதவி இருக்கிறது."

உக்கிரசேனர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேலேயா? அதில் என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்லை."

"இடம்?"

"எல்லோருக்கும் உயரத்தில். கட்டடம் உயர உயர நீங்களும் உயர்வீர்கள். தெருவில் போகிறவர்கள் முதலில் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் கட்டடத்தைப் பார்ப்பார்கள்."

"தலைப்பாகை உண்டா?"

"பெரிய தலைப்பாகை. மீசை அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது."

"யாருக்காவது பதில் சொல்ல வேண்டி வருமா?"

"வாயையே திறக்க வேண்டாம்."

"அத்தான், எனக்கு அதுதான் வேண்டும்!"

"ஒரு சின்ன விஷயம்" என்றார் அமுதவாணர். "மேலே நீங்கள் இருந்தால், கீழே ஆட்களிடம் வேலை வாங்க ஒருவர் வேண்டுமே. சோலையன் இருந்துவிட்டுப் போகட்டுமா?"

"இருக்கட்டும், இருக்கட்டும். பாவம், பிழைத்துப் போகட்டும்."

சோலையனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அமுதவாணர் மளமளவென்று ஓலை எழுதினார். ராணி இன்று பேசிவிடுவாள் என்ற சந்தோஷத்தில் ராஜா படிக்காமலே முத்திரையை அழுத்தினார். அப்புறம்தான் கேட்டார்:

"ஆமாம், அந்தப் பதவிக்கு என்ன பெயர்?"

"திருஷ்டி பொம்மை, மகாராஜா."

ராஜா மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கிற்று. உக்கிரசேனர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னய்யா இது! அது வைக்கோல் பொம்மை அல்லவா?"

"ஆமாம் ஐயா" என்றார் அமுதவாணர், மிகுந்த பணிவோடு. "தகுதியான ஆள் அமையாமல்தான் இத்தனை காலமும் வைக்கோலை வைத்து ஒப்பேற்றி வந்தோம்."