ஆடாத டர்போ

"அம்மணி, டர்போ செக் பண்ண எனக்குக் கத்துக்குடு. இனி எவனையும் நம்பறதா இல்ல."

நாச்சிமுத்துவுக்குச் சொந்தமா ஒரே ஒரு லாரி. அதோட வந்து நின்னது சங்ககிரியில ரெஜினாவோட பட்டறை வாசல்ல. எஞ்சினுக்குக் காத்தை அழுத்தித் தள்ற டர்போவைத் தவிர வேற எதையும் தொடாத பட்டறை.

"என்னாச்சுங்கண்ணா?"

"டிரைவர் தங்கராசு நல்ல டர்போவைக் கழட்டி வித்துட்டு, தேஞ்சதை மாட்டிட்டான்."

"பதினோரு வருசமா ஓட்டறாரே, அவரா?"

"பதினோரு வருசமா சமயம் பாத்திருக்கான். சாவியைப் புடுங்கிட்டேன். இன்னியோட அவன் வேலை முடிஞ்சுது."

தங்கராசு லாரி நிழல்ல உக்காந்திருந்தாரு. யாரையும் பாக்கல.

"டயரு, பேட்டரி, ஜாக்கி, எல்லாத்துலயும் பச்சை பெயிண்ட்ல புள்ளி வச்சிருக்கேன். டர்போவுல மட்டும் வைக்கல. கரெக்டா அங்க கை வச்சுட்டான்."

"டிரைவர் மேல ஒண்ணு வச்சிருக்கலாமுங்க."

நாச்சிமுத்து சிரிக்கல. டர்போவுக்குக் காத்து போற ரப்பர் குழாயை ஏற்கெனவே கழட்டி வச்சிருந்தாரு. உள்ள விசிறி மாதிரி ஒரு சின்னச் சக்கரம். அதோட நடு அச்சை ரெண்டு விரலால பக்கவாட்டுல அசைச்சாரு.

டிக். டிக்.

"கேட்டியா? ஆடுது."

"முன்ன எப்பவாச்சும் ஆட்டிப் பாத்திருக்கீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்?"

ரெஜினா அதே அச்சை முன்ன பின்ன இழுத்தாங்க. அசையல. சுத்தி விட்டாங்க. எங்கயும் உரசாம சுத்துச்சு.

"நல்லாத்தானுங்க இருக்கு."

"நல்லாருக்குன்னு சொல்ற மெக்கானிக்கை நான் பாத்ததே இல்ல. அவன் உனக்கும் பங்கு குடுத்தானா?"

ரெஜினா உள்ள போயி, சீல் பிரிக்காத டப்பா ஒண்ணு கொண்டாந்து அவர் கையில குடுத்தாங்க. புது டர்போ. சீலை வெயில்ல காட்டிப் பாத்துட்டுத்தான் பிரிச்சாரு. அசைச்சாரு.

டிக். டிக்.

"அடப்பாவிகளா! கம்பெனியிலயே மாத்திட்டானுங்களா?"

"அண்ணனுக்கு ஆடாததுதான் வேணுமா?"

"கடுகளவு ஆடக் கூடாது."

பட்டறைக்குப் பின்னாடியிருந்து இன்னொண்ணு வந்துச்சு. அசைச்சாரு. சத்தமே இல்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டு அசைச்சாரு. சத்தமே இல்ல.

அன்னிக்கு முதல் தடவையா அவர் முகம் மலந்துச்சு.

"இது டர்போ! இதை எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

மாத்திடுவாங்களோன்னு, பையிலிருந்த பெயிண்ட் பேனாவை எடுத்து உடனே ஒரு பச்சைப் புள்ளியும் வச்சாரு.

"இப்ப சுத்துங்கண்ணா."

விரலால தள்ளினாரு. கட்டைவிரலால தள்ளினாரு. உள்ளங்கையால தள்ளினாரு.

"அச்சைச் சுத்தி ஆயில் நிக்க அந்தக் கொஞ்ச ஆட்டம் வேணுமுங்க. இது ஆயில் இல்லாம ஓடி, இறுகிப் போனதுங்க. பழைய இரும்புக்குப் போடறதுக்கு வச்சிருக்கேன்."

நாச்சிமுத்து அந்தப் பச்சைப் புள்ளியையே பாத்துக்கிட்டு நின்னாரு.

அப்புறம் லாரி நிழலுக்கு நடந்தாரு. சாவியை நீட்டினாரு.

தங்கராசு வாங்கினாரு. இந்தப் பக்கம் திருப்பிப் பாத்தாரு. அந்தப் பக்கம் திருப்பிப் பாத்தாரு.

"நம்ம சாவிதானுங்களா?"