பனந்துறைச் சைரன்

"மேடம், பனந்துறைக் கம்ப்யூட்டர் உயிரோடதான் இருக்கு. 'இருக்கியா?'ன்னு பிங் அடிச்சா உடனே பதில் சொல்லுது. போதும்ல?"

கேட்டவர் இருதயராஜ், ஐம்பத்து நாலு வயது. நகரத்துக் கட்டுப்பாட்டு அறையில் அவருக்கு வேலை கற்றுக்கொடுப்பவள் கமர்நிஷா, இருபத்தேழு.

பனந்துறையில் அந்தக் கம்ப்யூட்டர்தான் புயல் சைரனை ஊதும். விடியற்காலை மூன்று மணிக்கு நாற்பது படகுகள் கடலுக்குக் கிளம்பும். ஒன்று இருதயராஜின் தம்பி சூசையுடையது. புயல் நெருங்குகிறது; இரண்டரைக்குள் சைரன் ஊதியாக வேண்டும்.

கமர்நிஷா ஜன்னலைக் காட்டினாள்.

"எதிர் டீக்கடையில ஆள் இருக்காரா, கேளுங்க."

எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"இருக்கேன் சார்!"

"ரெண்டு டீ வாங்கிட்டு வாங்க."

இந்த நேரத்தில் டீயா என்று எரிச்சலோடு டம்ளரை எடுத்துக்கொண்டு போனவர், காலி டம்ளரோடு திரும்பினார்.

"பால் திரிஞ்சு போச்சாம்."

அவள் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள். இருதயராஜுக்கு முகம் சுண்டிவிட்டது.

சைரன் புரோகிராமுக்குள் செய்தி போகும் வாசலான போர்ட்டைத் தட்டிப் பார்த்தார்.

"திறந்திருக்கு மேடம்!"

"கடையும் திறந்துதான் இருந்துச்சு."

மனுஷர் விடவில்லை. 'தயாரா?' என்று அந்தப் புரோகிராமிடமே கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். இல்லை. இங்கிருந்தே அதை நிறுத்தி, திரும்ப ஓடவிட்டார். நெட்வொர்க் இழுத்தது. மூன்றாம் தடவை பதில் வந்தது: 'தயார்.'

மணி இரண்டு இருபத்தெட்டு. எச்சரிக்கையை அனுப்பினார்.

'சைரன் ஒலிக்கிறது' என்றது திரை.

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

கமர்நிஷா காலி டம்ளரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

இருதயராஜ் அதையே பார்த்தார். சட்டென்று போனை எடுத்தார். முதல் தடவை சூசை எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. விடாமல் அடித்தார்.

எடுத்தான்.

"சூசை! சைரன் கேக்குதாடா?"

"என்னது?"

"சைரன்டா, சைரன்!"

"நீ பேசுறது ஒண்ணுமே விளங்கலண்ணே! இங்க ஒரே சத்தமா ஊதுது!"