திறக்காத நெய்க்குடம்

பவழத்துறை ராஜா மணவாள பூபதிக்கு முத்திரை குத்துவதென்றால் கொள்ளைப் பிரியம். காலையில் நாலு ஓலையிலாவது முத்திரை குத்தினால்தான் அவருக்குப் பலகாரம் இறங்கும். அப்படிப்பட்டவர், கப்பலேறும் நெய்யைப் பார்த்துச் சொல்லும் பரிசோதனைச் சாலைகளுக்கும் அரசாங்க அங்கீகாரம் வேண்டும் என்று ஆணை போட்டதில் ஆச்சரியமில்லை. அங்கீகார முத்திரை பெற்ற சாலை 'நல்ல நெய்' என்று சான்று எழுதினால்தான் குடம் கப்பலேறும்.

நல்ல ஆணைதான். முத்திரை யாருக்கு என்று முடிவு செய்யும் வேலையைக் கனகசபாபதி என்ற அதிகாரியிடம் கொடுத்ததுதான் தப்பு. அவர் ஊரெல்லாம் தேடுவதுபோலத் தேடி, கடைசியில் தன் மைத்துனன் தில்லைக்கூத்தனின் சாலைக்கே கொடுத்தார்.

துறைமுகத் தெருவில் உலகம்மை என்பவள் இருபது வருஷமாகச் சின்னதாக ஒரு சாலை வைத்து நெய் பார்த்துவந்தாள். ஒவ்வொரு குடத்தையும் திறப்பாள், முகர்வாள், ஒரு கரண்டி எடுத்து உருக்குவாள், திரி நனைத்து எரித்துப் பார்ப்பாள். அவள் முத்திரை கேட்டுப் போனபோது கனகசபாபதி வந்து பரிசோதித்தது அவளுடைய கூரையை மட்டும்தான். "ஓலைக் கூரைக்கு ராஜ முத்திரையா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனாலும் உள்ளூர் வியாபாரிகள் அவளைத்தான் தேடி வந்தார்கள்.

மூன்றே மாதத்தில் தீவு நாட்டிலிருந்து நாற்பது குடம் நெய் திரும்பி வந்தது. பாதிக்கு மேல் மிருகக் கொழுப்பு. ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் தில்லைக்கூத்தனின் சான்று தொங்கியது.

"போகும்போது சுத்தமான நெய்தான் மகாராஜா. கடல் காற்றுப் பட்டுக் கொழுப்பாகிவிட்டது" என்றார் கனகசபாபதி. "முத்திரை இல்லாத சாலைகள் இன்னும் திறந்திருப்பதால்தான் ஊரில் வீண் பேச்சு கிளம்புகிறது. நாளை உச்சிவேளையில் அந்த உலகம்மையின் சாலையைப் பூட்ட உத்தரவிடுங்கள்."

ராஜா முத்திரையைக் கையில் எடுத்தேவிட்டார்.

அந்த அவையில் சீராளன் என்றொரு மந்திரி இருந்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதன்.

"மகாராஜா, தினமும் துறைமுகத்தில் காற்று வாங்கும் நம் கனகசபாபதி ஏன் இத்தனை பெருத்துவிட்டார் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது" என்றான்.

அவை சிரித்தது. ராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தில்லைக்கூத்தனுக்குக் கொடுத்த முத்திரை அவர் கையால் கொடுத்ததாயிற்றே!

"என் முத்திரை தப்பு என்கிறாயா? நாளை உச்சிவேளைக்குள் நிரூபி. ஆனால் அந்த இரண்டு சாலைக்குள்ளும் நீ கால் வைக்கக் கூடாது. அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கக் கூடாது. முடியாவிட்டால் அவள் சாலைக்குப் பூட்டு. நீ கனகசபாபதியிடம் கணக்கப்பிள்ளையாகப் போ."

"அவரிடமா!" என்றான் சீராளன். பிறகு ராஜாவின் காதருகே போய் என்னவோ சொன்னான். ராஜா புருவத்தைத் தூக்கினார். இரண்டு ஓலைகளில் ஏதோ எழுதினார். பிரியமாக முத்திரையும் குத்தினார்.

அன்று மாலையே ஒரு வியாபாரியின் வண்டியில் இரண்டு குடங்கள் போயின. வழக்கம்போல வாயில் துணி கட்டி அரக்கு வைத்த குடங்கள். ஒன்று தில்லைக்கூத்தனுக்கு, ஒன்று உலகம்மைக்கு.

மறுநாள் அவை கூடியது. பூட்டுப் போடுவதைப் பார்க்கும் ஆசையில் தில்லைக்கூத்தனும் பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்து கனகசபாபதியின் பக்கத்தில் நின்றான். வியாபாரி அவனுடைய சாலையிலிருந்து குடத்தையும் சான்றையும் கொண்டுவந்து வைத்தார். சீராளன் சான்றை உரக்கப் படித்தான்.

"'சுத்தமான பசு நெய். முதல் தரம். முருங்கைக் கீரை போட்டு இறக்கிய வாசனை ஆளைத் தூக்குகிறது. பதமாக, மணல் மணலாக உறைந்திருக்கிறது.'"

"எங்கள் சாலையில் ஏழு பேர் பார்த்து எழுதியது" என்றான் தில்லைக்கூத்தன்.

அப்போது வாசலில் ஒரே கூச்சல். காவலனை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு உலகம்மை வந்தாள். இடுப்பில் குடம்.

"யாருய்யா அது, நெய்க்குடம்னு மண்ண அனுப்புனது? இதுல திரி போட்டு நான் எப்படிய்யா எரிச்சுப் பாக்கிறது?"

குடத்தை அங்கேயே கவிழ்த்தாள். பொலபொலவென்று ஆற்று மணல் கொட்டியது. மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்து நீட்டினாள்.

"உள்ள இதுவும் கெடந்துச்சு. மகாராஜா எழுதுனதுன்னு போட்டிருக்கு. அது நெசமான்னு எனக்குத் தெரியாது, நான் ஓலை பாக்கிறவ இல்ல. மணல் மட்டும் நெசம். அதுக்கு வேணா சான்று தரேன்."

ராஜாவின் மீசை துடித்தது. "படி" என்றார்.

சீராளன் படித்தான்: "'இந்தக் குடத்தைத் திறந்து பார்ப்பவருக்கே பவழத்துறையின் அங்கீகார முத்திரை. அரண்மனைக்கு வந்து பெற்றுக்கொள்க.'"

தில்லைக்கூத்தனின் முகத்தில் ஈயாடவில்லை.

"உன் குடத்தின் அரக்கை உடை" என்றார் ராஜா.

உடைத்தான். அதே மணல். அதே ஓலை. முத்திரையைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி ராத்திரி முழுக்க அவன் சாலையிலேயே இருந்திருக்கிறது, பாவம்!

"மகாராஜா, கடல் காற்று..." என்று ஆரம்பித்த கனகசபாபதி, ராஜாவின் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

ராஜா முத்திரையை உலகம்மையிடம் நீட்டினார். "ஆயுள் முழுக்க உனக்குத்தான்."

அவள் உடனே கை நீட்டவில்லை. "ஆயுசுக்கும் வேணாம் மகாராஜா. நாளைக்கு எனக்கும் திமிர் வரலாம். வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஆரு அனுப்புனதுன்னு சொல்லாம இப்படி ஒரு கொடம் அனுப்புங்க. நான் தப்பாச் சொன்னா அன்னைக்கே புடுங்கிக்கோங்க."

ராஜாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. எல்லாச் சாலைகளுக்கும் அதையே சட்டமாக்கி, அதற்கும் ஒரு முத்திரை குத்தினார்.

"சீராளா, உனக்கு என்ன வேண்டும், கேள்!"

"எனக்கு ஒன்றும் வேண்டாம் மகாராஜா. இந்த அத்தானும் மைத்துனனும் காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறார்கள். இலை போட்டு, சூடான சோறும் பருப்பும் பரிமாறச் சொல்லுங்கள். நெய் மட்டும் அவர்கள் சாலையிலிருந்து வந்த குடத்திலிருந்தே தாராளமாக ஊற்றட்டும். முதல் தரம் என்று ஏழு பேர் சான்று தந்திருக்கிறார்களே!"