நூற்றெண்பது பச்சை வரிகள்

செண்பகவல்லி அடுத்த வாரம் வேறு அணிக்குப் போகிறாள். எட்டு மாதமாக அவளிடம் தொழில் கற்றுவரும் தணிகைவேல் அவளைவிட ஒன்பது வயது மூத்தவன். ஜெசிந்தா அவனுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவள்.

அவர்கள் கையில் இருந்தது ஒரு பில்ட் மென்பொருள். பலர் எழுதும் நிரல்களைப் பாகம் பாகமாகச் செய்து, பிறகு இணைத்து, ஒரே செயலியாக்கித் தருவது. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தணிகைவேலும் ஜெசிந்தாவும் டெஸ்ட்கள், அதாவது சோதனை நிரல்கள், எழுதினார்கள். ஃபிரேம்வொர்க் என்ற கருவி அவற்றைத் தினமும் காலையில், எழுதியவர் பெயரின் ஆங்கில எழுத்து வரிசைப்படி, தானாகவே ஓட்டும். தேறினால் பச்சை வரி. தவறினால் சிவப்பு, அதாவது மென்பொருளில் ஒரு பிழை பிடிபட்டது.

இதையெல்லாம் கவனிக்கும் பொறுப்பைச் செண்பகவல்லி யாரிடம் விட்டுப்போவாள்? தணிகைவேலுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்?"

"கேளுங்க."

"ஜெசிந்தாகிட்ட அப்படி என்ன இருக்கு?"

செண்பகவல்லி டீயை ஊதினாள். "அவளோடது நேத்து எத்தனை சிவப்பு?"

"ஏழு. முந்தாநாள் நாலு. திங்கக்கிழமை பதினொண்ணு."

"உங்களோடது?"

"எப்பவும் பச்சைதான். நூத்தியெண்பதும்."

"நல்லது."

"இதோ, இந்த 'நல்லது'தான் மேடம். அவ சிவப்பைத் தூக்கிட்டு ஓடி வந்தா உங்க முகமெல்லாம் சிரிப்பு. என் பச்சையைப் பார்த்து ஒரு நாளாவது சிரிச்சிருக்கீங்களா?"

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

"அவளோடது எல்லாத்தையும் நிறுத்துங்க. இதுவரை எதுவும் ஓடாத புது மெஷின்ல உங்களோடது மட்டும் ஓடட்டும்."

தணிகைவேல் ஜெசிந்தாவின் டெஸ்ட்களை ஒவ்வொன்றாக நிறுத்தினான். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் நிறுத்தியிருக்கலாம். அவனுக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை.

ஓட்டினான்.

முதல் வரி சிவப்பு. அடுத்ததும். மழைக்குப் பின் செம்மண் நீர் இறங்குவதுபோலத் திரையில் சிவப்பு இறங்கிக்கொண்டே இருந்தது. எட்டு வரிதான் பச்சை.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அவனுடைய டெஸ்ட்கள் பொது ஃபோல்டரில் ஏற்கெனவே கிடக்கும் பாகங்களை எடுத்து இணைத்துப் பார்த்தன. பாகங்களைச் செய்தவை ஜெசிந்தாவின் டெஸ்ட்கள். பெயர் வரிசையில் முன்னதாக ஓடி, செய்ததை அங்கேயே விட்டுப்போயிருந்தன.

"மேடம்! தப்பு அவளோடதுதான். வேலை முடிஞ்சதும் ஃபோல்டரைத் துடைக்கவே இல்லை!"

"ஆமா, அவ தப்புதான். சொல்லிட்டேன். இன்னிக்கே துடைச்சிடுவா."

தணிகைவேல் திரையைப் பார்த்தான்.

"துடைச்சிட்டா... என்னோடது?"

அவள் திரையில் நின்ற சிவப்பு வரிகளைக் காட்டினாள்.

"எல்லாத்தையும் திருத்தி எழுத ரெண்டு மாசமாவது ஆகும் மேடம். நீங்க அடுத்த வாரமே போறீங்க." குரலைத் தாழ்த்தினான். "துடைக்க வேண்டாம்னு சொல்லிடுங்களேன். பழையபடியே இருக்கட்டும். எல்லாம் பச்சையாயிடும்."

"ஆயிடும். பொறுப்பையும் உங்களுக்கே தந்துடறேன். ஒண்ணை மட்டும் நீங்க எப்பவும் மாத்தக் கூடாது."

"சொல்லுங்க மேடம். எதுன்னாலும் சரி."

"தினமும் முதல்ல அவளோடது. அப்புறம்தான் உங்களோடது."