சாப்பிட்ட இலையைக் காட்டு

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், ஒரு ராஜாவுக்குக் காலையிலேயே தலைகால் புரியாத சந்தோஷம் வந்துவிட்டது. காரணம், கருவூல மந்திரி மார்த்தாண்டர் கொண்டுவந்த சேதி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ராஜா ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். தலைநகரத்துக் கலாசாலையில் படிக்க வசதியில்லாத பிள்ளைகள் வருஷத்துக்குப் பத்துப் பேருக்கு அரண்மனையே கட்டணம் கொடுக்கும் என்று பறையறைவித்தார். கொடுக்கிற பொறுப்பை மார்த்தாண்டரிடம் விட்டார். அங்கேதான் கோட்டைவிட்டார்.

"மகாராஜா! மூன்று வருஷமாகத் தகுதியோடு ஒருவர்கூட உதவி கேட்டு வரவில்லை. ஆகவே தங்கள் ராஜ்யத்தில் ஏழை மாணவர் என்று எவருமே இல்லை!" என்றார் மார்த்தாண்டர்.

ராஜா சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்தார். "கேட்டீர்களா! யானையை அலங்கரியுங்கள்! இன்றைக்கே ஊர்வலம், முடிந்ததும் விருந்து!"

சபையே கைதட்டியது. தட்டாதவர் ஒரே ஒருவர், விகடகவி பூதலிங்கம். பேரில்தான் பூதம், ஆள் ஒட்டடைக்குச்சி.

"உமக்குச் சந்தோஷமில்லையா, பூதலிங்கம்?" என்றார் ராஜா.

"சந்தோஷம்தான் மகாராஜா. ஆனால் கருவூல வாசலில் பத்து நாளாக ஒரு பெண் மனுவும் கையுமாக நிற்கிறாள். அவள் ஏழை இல்லையா, மாணவி இல்லையா, அல்லது இந்த ராஜ்யத்திலேயே இல்லையா என்றுதான் குழம்புகிறேன்."

மார்த்தாண்டருக்குச் சுருக்கென்றது. ராஜா தன்னைவிட இந்தக் கோமாளி பேச்சைக் கேட்கிறாரே என்று அவருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல். "மனு கொடுக்க இன்று அந்திமணி வரைதான் கெடு. அதற்குள் என் விதிப்படி ஓர் ஏழை மாணவரை விகடகவி காட்டட்டும். காட்டாவிட்டால் சபையில் பொய் சொன்னதற்கு நாட்டைவிட்டே போகட்டும்!" என்றார்.

கொண்டாட்ட மும்முரத்தில் இருந்த ராஜா, "ஆகட்டும்!" என்றுவிட்டார். வாய் கொழுத்து இப்படி மாட்டிக்கொண்டோமே என்று பூதலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். ஒரே ஓட்டமாகக் கருவூல வாசலுக்கு ஓடினார்.

அங்கே நின்றவள் செங்கமலம், ஆற்றில் பரிசல் ஓட்டுகிற மாடசாமியின் மகள். கலாசாலை நுழைவுத் தேர்வில் முதலாவதாக வந்தவள். வைத்தியம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

"ஏம்மா, நீ மனுவைக் கொடுக்கலையா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"ரெண்டு தடவை கொடுத்தேங்க ஐயா. மொத தடவை, 'கட்டணம் கட்டின சீட்டைக் காட்டினாத்தான் கட்டணத்துக்கு உதவி'ன்னாங்க. கையில காசிருந்தா நான் ஏன் இங்க வந்து நிக்கப்போறேன்? அப்பா பரிசலை அடகு வச்சுக் கட்டுனாரு. அந்தச் சீட்டைக் கொண்டுபோனா, 'கட்டணம் கட்டுற வசதி இருக்கே, நீ ஏழையில்லை'ன்னு விரட்டிட்டாங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கு ராத்திரிக்குள்ள அடகை மீட்கலைன்னா பரிசல் போயிரும் ஐயா. பரிசல் போனா வீட்ல அடுப்பெரியாது. கட்டின காசைத் திருப்பி வாங்கிட்டு, படிப்பே வேணாம்னு போக வேண்டியதுதான்."

பூதலிங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. "அம்மா, அழாதே! மனுவையும் சீட்டையும் எடுத்துக்கிட்டுச் சாயங்காலம் விருந்து மண்டபத்து வாசலுக்கு வந்துடு. எது மறந்தாலும் இது மறக்கக் கூடாது!" என்று சொல்லிவிட்டு, தலைப்பாகை அவிழ்ந்து தரையில் இழுபட மறுபடி ஓடினார்.

ராஜா யானைமேல் ஏறப்போகிற நேரம்.

"மகாராஜா! விருந்து வாசலைக் காக்கும் வேலையை அடியேனுக்குக் கொடுங்கள். பசித்தவர் உள்ளே போக வேண்டும், சாப்பிட்டவர் மறுபடி நுழைந்துவிடக் கூடாது."

"வாசல் காப்பதற்கு விதி வேண்டும், விகடகவியாரே. கோமாளித்தனம் உதவாது," என்றார் மார்த்தாண்டர்.

"அப்படியானால் தங்கள் உதவித்தொகை விதியையே கடன் கொடுங்கள். கட்டணம் என்ற இடத்தில் சாப்பாடு என்று வைத்துக்கொள்கிறேன், மற்றபடி கை வைக்கமாட்டேன்."

தன் விதிக்கு ராஜா முன்னிலையில் இத்தனை மரியாதையா என்று மந்திரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "தாராளமாக!" என்றார். ராஜாவும் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். "யாராயிருந்தாலும் விதி விதிதான். நானே வந்தாலும் விடாதே!"

ஊர்வலம் கிளம்பியது. மேளக்காரர்களும் பந்தம் பிடிப்பவர்களும் கிளம்புவதற்கு முன்பே முதல் பந்தியில் சாப்பிட்டிருந்தார்கள். ராஜாவோ ஊர்வலம் முடியாமல் பச்சைத்தண்ணீர் குடிப்பதில்லை என்ற வழக்கமுள்ளவர். ஊரைச் சுற்றி வருவதற்குள் பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. மண்டபத்திலிருந்து நெய்யும் மிளகுரசமும் மணக்க, ராஜா யானையிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி ஓடிவந்தார்.

பூதலிங்கம் வாசலில் கோலைக் குறுக்கே நீட்டினார். "நில்லுங்கள் மகாராஜா! சாப்பிட்ட இலை எங்கே?"

"எந்த இலை?"

"தாங்கள் சாப்பிட்டு முடித்த இலை. அதைக் காட்டினால்தான் சாப்பாடு."

"சாப்பிட்டு முடித்திருந்தால் நான் ஏனய்யா இங்கே வந்து நிற்கப்போகிறேன்?" என்று ராஜா கத்தினார்.

"எனக்குப் புரிகிறது. விதிக்குப் புரியவில்லையே!"

பின்னால் நின்ற மார்த்தாண்டருக்கு வியர்த்தது. விஷயம் தன் தலையில் விடிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கொல்லைப்புறம் ஓடினார். முதல் பந்தியின் எச்சில் இலைக் குவியலில் கையை விட்டு இரண்டு இலைகளை உருவிக்கொண்டு வந்தார். முருங்கைக்காய்ச் சக்கை ஒட்டியிருந்தது, மோர் அவருடைய பட்டு அங்கவஸ்திரத்தில் வழிந்தது. "இதோ! மகாராஜாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று!"

பூதலிங்கம் குனிந்து பார்த்தார். "இலை சரியாக இருக்கிறது. ரசம்வரை, மோர்வரை சாப்பிட்டாகிவிட்டது. ஆக, இருவருக்கும் வயிறு நிறைந்திருக்கிறது. சாப்பிட்டவருக்கு விருந்து கிடையாது. அடுத்தவர் வரலாம்!"

"இலை இல்லையென்றால் பசியில்லை என்கிறாய்! இருந்தால் சாப்பிட்டாயிற்று என்கிறாய்! எந்த மடையன் வகுத்த விதி இது?" என்று சீறினார் ராஜா.

எல்லாருடைய கண்ணும் மார்த்தாண்டர் பக்கம் திரும்பியது.

"செங்கமலம், முன்னால் வாம்மா," என்றார் பூதலிங்கம்.

அவள் முன்னால் வந்தாள். காலையில் சொன்னதையே சொன்னாள், ஒரு கையில் மனுவையும் மறு கையில் சீட்டையும் நீட்டினாள். ராஜா சீட்டைப் பார்த்தார். மந்திரி கையிலிருந்த இலையைப் பார்த்தார்.

"பொய்யர்கள் புகுந்துவிடக் கூடாதே என்றுதான், மகாராஜா..." என்று இழுத்தார் மார்த்தாண்டர்.

"புகவில்லை மந்திரியாரே. யாருமே புகவில்லை," என்றார் பூதலிங்கம். எதிரே கோபுரத்தில் அந்திமணி அடிக்க மணிக்காரன் கயிற்றைப் பிடித்துவிட்டான். பூதலிங்கம் அவசரமாகக் கைகூப்பினார். "மகாராஜா, நான் தோற்றேன். மந்திரியார் விதிப்படி இந்த நாட்டில் ஏழையும் இல்லை, பசித்தவரும் இல்லை. நான் எல்லையைப் பார்த்து நடக்கிறேன். தங்களுக்கும் பசியில்லாததால், தாங்கள் அந்தப்புரம் திரும்பலாம்."

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், பசியோடு அப்படிச் சிரித்த ஆளை அந்த ஊர் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே பூதலிங்கத்தின் கையிலிருந்து மோதிரத்தைப் பிடுங்கி மனுவில் அழுத்தினார். முத்திரை விழுந்தது, மணி அடித்தது. செங்கமலம் "அப்பா! பரிசல் நம்மளுது!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். கூட்டத்தின் கடைசியில் நின்ற மாடசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"மூன்று வருஷத்து முப்பது பேர் பாக்கி, இந்த வருஷம் இன்னும் ஒன்பது. முப்பத்தொன்பது பிள்ளைகளையும் நீரே ஊர் ஊராகத் தேடிக் கண்டுபிடியும், மார்த்தாண்டரே! ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக மாடசாமியின் பரிசல் இருக்கிறது. கூலியை முன்னதாகக் கொடுத்துவிடும்," என்றார் ராஜா. தன் முத்துமாலையைக் கழற்றிப் பூதலிங்கத்தின் கழுத்தில் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்!" என்றார்.

"காலையிலிருந்து ஓடியே செத்தேன், மகாராஜா. ஓர் இலை போதும்," என்றார் பூதலிங்கம். "யாரும் சாப்பிடாத இலையாக."